முதல் ஈடு காய்ந்தது, இரண்டாம் ஈடு காயவில்லை

இட்லிக்குச் சொல்வதைப் போலவே எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் ‘ஈடு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், நான்கு நாட்களாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், முதல் ஈடாகப் போட்ட அம்மாவின் படுக்கை விரிப்புகள் சுடச்சுட, மொறமொறவென்று காய்ந்து வந்தன. உடனே போட்ட இரண்டாம் ஈடு, முழு நேரமும் சுற்றி முடித்த பிறகும், ஆவி அடங்கிய இட்லித் துணியைப் போல வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் கிடந்தது. மூன்றாவதாகப் போட்டவற்றில் அந்த வெதுவெதுப்பும் இல்லை. மறுநாள் காலை மறுபடியும் முதல் ஈடு ஒழுங்காகக் காய்ந்தது. காலையில் நன்றாக இருந்து மதியத்தில் கைவிடும் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாட்களும், தேவையில்லாமல் வாங்கிய இரண்டு உதிரி பாகங்களும் செலவாயின. அந்தப் பத்து நாட்களில் கற்றதையும், அதற்கு முன்னும் பின்னும் இந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

திருவொற்றியூரில் ஒரு வீட்டில் கேஸ் ட்ரையர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. என் தம்பி நியூஜெர்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2015-இல் வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியபோது, இதுவும் அவற்றோடு வந்து சேர்ந்தது. அடுப்புக்கு வருவதைப் போலவே துணி உலர்த்தவும் குழாயில் எரிவாயு வரும் ஊர் அது. எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் புகையும், காற்று திரும்பும் நாட்களில் மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கரியும். மொட்டை மாடியில் காலையில் போட்ட வெள்ளை விரிப்பை மாலையில் உதறினால் கையில் கறுப்பாக ஒட்டும். ஆனாலும் ஆண்டில் எட்டு மாதங்களுக்கு வெயிலே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; வெளுப்பதையும் வெயிலில் காய வைப்பதையுமே தொழிலாகக் கொண்டவர்களால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டை எங்களுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அம்மா 2017-இல் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாளைக்கு நான்கு விரிப்புகள் என்றான நிலையில்தான், அதுவரை பின்பக்கத் தாழ்வாரத்தில் பழைய பேப்பர் அடுக்கும் மேசையாக இருந்த ட்ரையரை இயக்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

வெளிநாட்டு இயந்திரத்தை இங்கே இயக்குவதில் மூன்று சிக்கல்கள் இருந்தன. முதலாவது எரிவாயு. அங்கே குழாயில் வருவது இயற்கை எரிவாயு. நம் சிலிண்டரில் இருப்பது எல்பிஜி. ஒரே அளவு கன அடியை எரித்தால் எல்பிஜி ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தருவதால், பர்னருக்குள் வாயு பாயும் ஜெட்டின் துளை சிறியதாக இருக்க வேண்டும். வால்விலேயே இருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டையும் அடைத்துவிட வேண்டும். இதற்கென்று தயாரிப்பாளரே விற்கும் மாற்றுத் தொகுப்பைத் தம்பி அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கி, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தியிருந்தது எங்கள் நல்வாய்ப்பு. ஜெட்டை மாற்றாமல் சிலிண்டரில் இணைத்திருந்தால் தீ பர்னர் குழாயைத் தாண்டி வெளியே வந்திருக்கும். அழுத்தம் மட்டும் அதிசயமாகப் பொருந்தியது. அங்கே எல்பிஜி சாதனங்களுக்கு 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் கேட்கிறார்கள். நம் வீட்டு ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், அதாவது 30 சென்டிமீட்டர் நீர்மட்டம், அங்குலக் கணக்கில் பன்னிரண்டுக்குச் சற்றே குறைவு.

இரண்டாவது மின்சாரம். இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் செய்யப்பட்டது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், ஆனால் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்ற கணக்கை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்கு குறையும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் 100-க்குக் கொண்டுவராவிட்டால் மோட்டார் சூடேறும். 100-க்குக் கொண்டுவந்தாலோ பற்றவைக்கும் இக்னைட்டர் சோம்பலாகச் சிவக்கும். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த இழுபறி பிடித்திருந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு வைண்டிங் கடையில் 105 வோல்ட் வரும்படி 2 கிலோ வோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லி வாங்கினேன். அதன் மூன்றாவது பின்னை வீட்டு எர்த்தோடு சேர்க்கும் வரை பிளக்கைத் தொடக்கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் அடம் பிடித்தேன். ஹெர்ட்ஸ் குறைந்ததால் உருளையும் விசிறியும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றுகின்றன. அதனால் எப்போதும் குறைந்த சூட்டு நிலையில்தான் வைக்கிறோம். திருகிவிடும் டைமருக்குள் இருப்பதும் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடும் சிறு மோட்டார் என்பதால், எங்கள் வீட்டில் ட்ரையரின் 60 நிமிடம் என்பது கடிகாரத்தில் 72 நிமிடம்.

மூன்றாவது சிக்கல் புகைக்குழாய். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்; இப்போது கோளாறுக்கு வருகிறேன்.

சூடு வரவில்லை என்றதும் முதலில் சிலிண்டர்மீது பழி போட்டேன். மாற்றிப் பார்த்தேன், அதே கதை. பிறகு வந்த எலக்ட்ரீஷியன், “டீச்சர், பத்த வைக்கிற குச்சிதான் போயிருக்கும்” என்றார். இக்னைட்டர் என்பது சிலிக்கான் கார்பைடால் ஆன, சாக்பீஸைவிட எளிதாக உடையக்கூடிய ஒரு துண்டு. மின்சாரம் பாய்ந்ததும் செஞ்சூடாகக் கனலும். தம்பியின் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்த புதிய இக்னைட்டரை, கனலும் பகுதியை விரலால் பிடிக்கக்கூடாது, அதன் பீங்கான் அடிப்பகுதியை மட்டுமே பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் நானே எடுத்துப் பொருத்தப்போய், திருகை முடுக்கும்போது ஒடித்துவிட்டேன். பழையதையே திரும்ப மாட்டினேன்; அது வழக்கம்போல முதல் ஈட்டுக்குக் கனன்றது. அப்படியானால் குற்றம் அதில் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் அதன் பிறகும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றை வரவழைத்து மாற்றி, பத்தாவது நாள்தான், செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: இயந்திரத்தின் கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு, பர்னர் குழாயின் பக்கத்துத் துளைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக இயங்கும்போது நடப்பது இதுதான். மோட்டார் வேகம் பிடித்தவுடன், காற்றுப் பாதையிலும் உருளையிலும் உள்ள பாதுகாப்புச் சுவிட்சுகள் வழியாக மின்சாரம் பர்னருக்கு வருகிறது. வாயு வால்வுக்குள் அடுத்தடுத்து இரண்டு கதவுகள் உண்டு. இரண்டும் மேலே அமர்ந்திருக்கும் மின்காந்தக் காயில்களால் திறப்பவை. முதல் கதவு உடனே திறக்கும்; ஆனால் இரண்டாவது மூடியிருப்பதால் வாயு வெளியே வராது. அதே நேரத்தில் இக்னைட்டர் கனலத் தொடங்கும். அதற்குப் பக்கத்தில், குழாயின் சுவரில், வெப்பத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தீ உணரி என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிடமோ சற்றுக் கூடவோ கனன்ற பிறகு அந்தச் சூட்டில் உணரி திறந்துகொள்ள, அதுவரை அதன் வழியே குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்த மின்சாரம் இப்போது இரண்டாம் கதவின் காயில் வழியாகப் போயாக வேண்டியிருக்கிறது. கதவு ‘டக்’கென்று திறக்கிறது, இக்னைட்டருக்கு மின்சாரம் குறைந்துபோனாலும் அது இன்னும் செஞ்சூடாகவே இருப்பதால், பாய்ந்து வரும் வாயு நீல நிறத்தில் பற்றிக்கொள்கிறது. பிறகு தீயின் சூடே உணரியைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். எதனாலாவது தீ அணைந்தால் உணரி ஆறி மூடும், இரண்டாம் கதவும் மூடும், இக்னைட்டர் மறுபடி கனலத் தொடங்கும். மின்னணு மூளை எதுவும் இல்லாமல், சூடு ஒன்றை மட்டுமே நம்பி இத்தனை ஒழுங்காக நடக்கும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்த வரிசை தெரிந்தால், எந்த இடத்தில் நிற்கிறது என்பதே எது கெட்டது என்பதையும் சொல்லிவிடும். இக்னைட்டர் கனலவே இல்லையென்றால் அதுவோ, உணரியோ, பாதுகாப்புச் சுவிட்சுகளில் ஒன்றோ அறுந்திருக்கிறது. எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிட்டாலும் இப்படி மங்கிக் கிடக்கும். கனன்றுகொண்டே இருந்து ‘டக்’ சத்தம் வரவேயில்லை என்றால் உணரி மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டது. நான் கண்டது மூன்றாவது வகை. முதல் மூன்று தடவை தீ அழகாகப் பற்றியது. நான்காவது தடவை இக்னைட்டர் நன்றாகக் கனன்றது, உரிய நேரத்தில் மங்கவும் செய்தது, ஆனால் தீ வரவில்லை. ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி கனன்றது, மங்கியது, தீ இல்லை. மாலை வரை அதே வேடிக்கை. ஆக, இக்னைட்டரும் உணரியும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன. திறக்காமல் இருப்பது வால்வின் கதவு.

வால்வு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பயந்தேன். தம்பி தொலைபேசியில், “அக்கா, வால்வைத் தொடாதே, மேல இருக்கிற காயிலை மட்டும் மாத்து” என்றான். பெட்டிக்குள் சூடு ஏற ஏற, பழைய காயில்களின் சுற்று தளர்ந்து, மின்தடை கூடிக் கதவைத் தூக்கும் வலுவை இழக்கும். ஆறியதும் பழையபடி தூக்கும். அதனால்தான் காலையில் முதல் ஈடு காய்ந்தது. அதனால்தான், ஆறிய நிலையில் மல்டிமீட்டர் வைத்து அளந்தபோது எல்லாம் சரியாகவே காட்டி என்னை ஏமாற்றியது. காயில்கள் வால்வின் மேலே தொப்பி போல உட்கார்ந்திருப்பவை; ஒரு பட்டையையும் இரண்டு திருகுகளையும் கழற்றினால் வந்துவிடும். வாயு செல்லும் பாதையை எங்கும் திறக்க வேண்டியதில்லை என்பதால், சிலிண்டரை மூடி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு நானே மாற்றினேன். இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று களைத்துவிட்டால் மற்றதும் அதே வயதுதானே. அன்று ஐந்து ஈடு போட்டோம், ஐந்தும் காய்ந்தன. வால்வின் உடம்பையோ அதன் இணைப்புகளையோ மட்டும் வீட்டில் யாரும் திறக்கக்கூடாது. அது கேஸ் மெக்கானிக்கின் வேலை.

இனி புகைக்குழாய். ட்ரையரின் ஆயுளும் வீட்டின் பாதுகாப்பும் இதில்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். இயந்திரம் வெளியே தள்ளுவது வெறும் ஈரக் காற்று அல்ல. எரிந்த வாயுவும் சேர்ந்துதான் வருகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக உருவாகும். கரியமில வாயு உண்டு. சரியாக எரியாவிட்டால் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டு. ஆகவே அது அறைக்குள் திரும்பவே கூடாது. உள்ளே புதுக்காற்று வரவும் வழி வேண்டும். எங்கள் தாழ்வாரம் ஒரு பக்கம் கம்பி வலையோடு திறந்தே இருப்பதால் இரண்டாவது கவலை இல்லை. முதலாவதில் நான் இரண்டு தவறுகள் செய்தேன்.

பிளம்பரை வைத்து 4 அங்குல பிவிசி குழாய் போட்டது முதல் தவறு. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறிப் பஞ்சுப் பிசிறு உள்சுவர் முழுக்க ஒட்டிக்கொள்ளும், சூட்டில் நெளியும், தீப்பிடித்தால் தானும் எரியும். அதை எடுத்துவிட்டு, தகர வேலைக்காரரிடம் அலுமினியத் தகட்டில் அதே அளவில் குழாய் செய்து வாங்கினோம். இணைப்புகளில் திருகு போடாமல் அலுமினிய டேப் சுற்றச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்தது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு முனையில் பிசிறு சேர்ந்து கூடு கட்டும் என்று விளக்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அமெரிக்கக் கட்டட விதியில் குழாயின் நீளம் 35 அடிக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது ஒரே வளைவோடு 7 அடி.

இரண்டாவது தவறு, எலி வரும் என்று குழாயின் வெளி வாயில் கொசு வலையைக் கட்டியது. மூன்றே வாரத்தில் வலைமீது பிசிறு கம்பளி போலப் படிந்து காற்றே போகாமல், உள்ளே சூடு ஏறி, விசிறிக் கூட்டின்மேல் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது. எங்கள் மாடலில் அது போனால் மோட்டாரே சுற்றாது. எலக்ட்ரீஷியன் இரண்டு வயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் அடுத்த முறை உருகுவதற்கு ஃபியூஸ் இருக்காது, துணிதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அமெரிக்காவில் ட்ரையர் தீ விபத்துகளின் காரணங்களில் முதலிடம் பெறுவது சுத்தம் செய்யாமல் விடுவதுதான். வலைக்குப் பதிலாக, காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றவுடன் மூடிக்கொள்ளும் மடிப்பு மூடி போட்டோம். துணி காய வழக்கத்தைவிட நேரம் அதிகமாகிறது என்றால் தீயைச் சந்தேகிப்பதற்கு முன், தெருப் பக்கம் போய் அந்த மூடி முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். பிசிறு வடிகட்டியை ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு துடைக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கையேடுகள் எதுவும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு, கிரைண்டரானாலும் மின்விசிறியானாலும் அதைத் தின்பது உப்புதான். மூடியின் கீல் ஆண்டுக்கு ஒருமுறை துருப்பிடித்து இறுகிவிடுகிறது. வயர் முனைகளில் பச்சை பூத்து, இணைப்பு தளர்ந்து, அந்த இடம் சூடாகி ஒருமுறை கருகியே போனது. இப்போது மழைக்கு முன்னால் ஒவ்வொரு முனையையும் பிடுங்கி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் செருகுகிறேன். பர்னர் குழாயின் வாயிலும் துரு உதிர்கிறது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்காவிட்டால் தீயின் நீலம் மஞ்சளாகிவிடும். மஞ்சள் தீ கண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பெல்ட், உருளையைத் தாங்கும் சக்கரங்கள், ஓரத்துக் கம்பளிப் பட்டை ஆகியவை தேயும்போது சத்தம் போட்டே சொல்லிவிடும்; அவற்றால் பெரிய தொல்லை இல்லை.

எண்ணெய் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடும் துண்டுகளையும் அடுக்களைக் கரித்துணியையும் நாங்கள் ட்ரையரில் போடுவதே இல்லை. துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. நல்லெண்ணெய் போன்றவை சூட்டில் காற்றோடு வினை புரிந்து தாமாகவே மேலும் சூடேறும், குவியலாகக் கிடந்தால் பற்றவும் செய்யும். பாதியில் கரண்ட் போய்விட்டாலும் இதே ஆபத்துதான். உருளைக்குள் சூடாகக் குவிந்து கிடக்கும் துணியை உடனே எடுத்து உதறிப் போட்டுவிடுவோம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சலவை இயந்திரத்தில் பிழிந்த பிறகும் ஒரு ஈட்டில் இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். அதை ஆவியாக்கக் கணக்குப்படி 130 கிராம் எல்பிஜி போதும் என்றாலும், பாதி வெப்பம் குழாய் வழியே போய்விடுவதால் 250 கிராம் ஆகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஐம்பது ஈடுகளுக்குச் சற்று மேல் வருகிறது. மழைநாளின் ஈரக் காற்றில் இது எப்படிக் காயும் என்று கேட்பவர்களுக்கு: 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றையே 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; சித்திரை வெயிலில்கூடச் சென்னையில் கிடைக்காத வறட்சி அது.

இரட்டைச் சிலிண்டர் இணைப்பில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்; அடுப்புச் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் இதுதான் அடுக்களைக்குப் போகும், அன்று துணிக்கு விடுமுறை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும் என்பதால் தாழ்வாரத்தின் கீழ் ஓரத்தில் தண்ணீர் போகும் துவாரத்தை அடைப்பதே இல்லை. இரும்புக் கம்பி பின்னிய ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம். கசிவுக்கு அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

தம்பி பத்திரமாக எடுத்து வந்த இயற்கை எரிவாயுவுக்கான பழைய ஜெட் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது; எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்தால், பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்க வேண்டும். அதே பாட்டிலில் நான் ஒடித்த இக்னைட்டரின் இரண்டு துண்டுகளும், போன ஃபியூஸும், பழைய காயில்களும் இருக்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் அலுமினியக் குழாயைக் கழற்றித் துடைத்து, மூடியின் கீலை மாற்ற வேண்டும். தகர வேலைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.